ஜான் லாக்கின் சொத்துரிமைக் கோட்பாடு: ஒரு மதிப்பீடு

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் (1632–1704) எழுதிய 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' 1689ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. முகப்பில் 1690 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. நூல் தம்முடையதே என்பதை லாக் தம் உயிலின் பிற்சேர்க்கையில்தான் ஒப்புக்கொண்டார்.

1688ஆம் ஆண்டுப் புரட்சியை நியாயப்படுத்த எழுதப்பட்ட நூல் இது என்று பாடக் குறிப்புகள் பலவும் கூறுகின்றன. நூலின் பெரும்பகுதி புரட்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது என்று பீட்டர் லாஸ்லெட் 1960இல் வெளியிட்ட பதிப்பில் வாதிட்டார். அப்படியானால் லாக் பெயரை மறைத்ததன் காரணம் எளிதில் புரியும். 1683இல் அல்ஜெர்னன் சிட்னிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, அவர் எழுதி வைத்திருந்த அரசியல் கையெழுத்துப்படியே சாட்சியாகக் கொள்ளப்பட்டது.

முதல் ஆய்வுரை, மன்னர் அதிகாரம் ஆதாமிடமிருந்து வழிவழியாக வந்தது என்ற ராபர்ட் ஃபில்மரின் கருத்தை மறுக்கிறது. இரண்டாவது ஆய்வுரையே இன்றும் படிக்கப்படுவது. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவை அரசு தருபவை அல்ல. அவற்றைக் காக்கவே மக்கள் இசைந்து அரசை அமைக்கின்றனர். அந்த நம்பிக்கையை மீறும் அரசை நீக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இது 19ஆம் அதிகாரத்தின் சாரம்.

ஐந்தாம் அதிகாரத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இயற்கை எல்லோருக்கும் பொது. ஒருவர் தம் உழைப்பைச் சேர்த்த பொருள் அவருடையதாகிறது என்கிறார் லாக். இதற்கு இரண்டு வரம்புகள் வைக்கிறார். எடுத்தது வீணாகக் கூடாது. மற்றவர்களுக்கும் போதிய அளவு எஞ்ச வேண்டும். ஆனால் பொன்னும் வெள்ளியும் அழுகுவதில்லை. பணத்தை ஏற்றதன் மூலம் ஏற்றத்தாழ்வான உடைமைக்கும் மக்கள் இசைந்துவிட்டனர் என்று அவர் முடிக்கும்போது முதல் வரம்பு வலுவிழக்கிறது. அந்த இசைவை யார், எப்போது தந்தனர் என்பதற்கு நிறைவான விடை இல்லை.

தம் வேலையாள் வெட்டிய புல்கரணையும் தம் உடைமையே என்று லாக் அதே அதிகாரத்தில் கொள்கிறார். உழைப்பே உரிமைக்கு அடிப்படை என்றால், உழைத்தவருக்கு ஏன் அது சேரவில்லை? அமெரிக்கப் பழங்குடியினர் உழுது பயிரிடாத நிலத்தை அவர் தரிசாகவே கருதுகிறார். அந்த வாதம் குடியேறிகளுக்கு வசதியாக அமைந்தது.

அடிமைமுறையில் முரண்பாடு இன்னும் கூர்மையாகிறது. நியாயமான போரில் பிடிபட்டவரை மட்டுமே அடிமையாக்கலாம், அவர் பிள்ளைகள்மீது அந்த அதிகாரம் செல்லாது என்பது நூலின் நிலை. ஆயினும் லாக் கரோலினா குடியேற்ற உரிமையாளர்களின் செயலராக இருந்தவர். அடிமை வாணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். 1669ஆம் ஆண்டுக் கரோலினா அடிப்படைச் சட்டம் கறுப்பின அடிமைகள்மீது எசமானருக்கு முழு அதிகாரம் அளித்தது. அதை வரைந்ததில் லாக்கின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தோட்டங்களில் பரம்பரையாகத் தொடர்ந்த அடிமைமுறை, லாக்கின் சொந்த அளவுகோலின்படியே அநீதி.

இக்குறைகளுக்காக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றைக் கண்டுகொள்ளும் அளவுகோலையும் நூலே தருகிறது. மாணவர்கள் மூன்று உரிமைகளை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஐந்தாம் அதிகாரத்தையும் பத்தொன்பதாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உழைத்தவர் யார், இசைந்தவர் யார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுப் பார்த்தால் லாக்கின் வலிமையும் வழுவும் ஒருங்கே விளங்கும்.