போர்ட் திறப்பதா, வேண்டாமா?

சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்பு, நகரியில் விசைத்தறிக் கூடம், திருப்பதியில் ஒரு சிறு லாட்ஜ். மூன்றிலும் இன்று கேமரா உண்டு. அதைப் பார்க்க வேண்டியவரோ பாதி நாள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். "வெளியூரிலிருந்து போனில் பார்க்கணும்" என்று கேட்டால், கேமரா பொருத்த வருபவர்களில் பழைய கைகள் ரூட்டரைத் திறந்து போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிட்டுப் போகிறார்கள். செலவில்லை, படம் வேகமாக வரும், நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை என்பவை அவர்கள் சொல்லும் மூன்று காரணங்கள். அவை எவ்வளவு தூரம் நிற்கும்?

முதலில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யும் வேலை. லாட்ஜுக்கு வெளியே தெரிவது ஒரே தொலைபேசி எண். உள்ளே இருப்பது பல அறைகள். யாரைக் கேட்கிறார்கள் என்று தெரியாத அழைப்பை வரவேற்பறை துண்டித்துவிடும். ரூட்டரும் அப்படித்தான். வெளியே ஒரு ஐபி முகவரி, உள்ளே போன், டிவி, கேமரா, அதன் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர். வீட்டிலிருந்து யாரும் கேட்காமல் வரும் தரவை அது தள்ளிவிடும். '8000 என்ற போர்ட் எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் விசாரிக்காமல் டிவிஆருக்கு அனுப்பு' என்று நிரந்தரமாக எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

இதற்கும் ஒரு காலம் இருந்தது. வீட்டுக்கு ஒரு பொது ஐபி கிடைத்தபோது, தன் கருவியைத் தானே நேரடியாக அடைய இதைவிட எளிய வழி இல்லை. கம்பெனி சர்வர் மூடப்பட்டாலும் கேமரா தெரியும். சந்தா கட்ட வேண்டாம். மூன்றாவது காரணத்தில் இருக்கும் தற்சார்பு உண்மையான மதிப்புடையது. அதைக் கேலி செய்துவிட்டுக் கடந்து போக முடியாது.

ஆனால் இன்று இந்த ஊர்களில் பல இணைப்புகளில் இந்த விதியைப் போட்டாலும் வேலை செய்யாது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கி வைத்த ஆந்திர ஃபைபர்நெட், மின்கம்பங்கள் வழியே இழையை இழுத்து, உள்ளூர் கேபிள்காரர் மூலம் மாதம் 149 ரூபாய்க்கு டிவி, தொலைபேசி, இணையம் மூன்றையும் தர முன்வந்தது. அந்த விலையில் வீட்டுக்கு ஒரு பொது ஐபிவி4 முகவரி தருவது எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல. ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக்கின் பொது இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. எனவே பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கும் சிஜிநாட் முறை பரவியது. 2012-இல் அதற்கென்றே தனி முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரூட்டரின் வேன் (WAN) ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அதற்குள்தான். அப்போது வெளியிலிருந்து வருவது நிறுவனத்தின் பெட்டியிலேயே நின்றுவிடும். உங்கள் ரூட்டரில் என்ன விதி எழுதினாலும் பயனில்லை. மாதக் கட்டணத்தில் ஸ்டேடிக் ஐபி வாங்கலாம். ஆனால் அத்துடன் 'செலவில்லை' என்ற முதல் காரணம் விழுகிறது.

பொது ஐபி இருப்பவர்களுக்குக் கேள்வி வேறு: திறந்த போர்ட்டில் யார் வருவார்கள்? 'என் தோப்புக் கேமராவை எவன் தேடுவான்' என்பது வழக்கமான பதில். தேடவே தேவையில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட இசட்மேப், ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் ஐபிவி4 பரப்பு முழுவதையும் ஒரு போர்ட்டுக்காகத் தட்டிப் பார்த்தது. 8000-ஐ மாற்றி 48123 என்று வைப்பதும் சில நாள் தள்ளிப்போடுவதே. 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல் மாறாத கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே பல மணி நேரம் முடக்கியது.

'கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்' என்பது இன்னும் நல்ல பதில்தான், ஆனாலும் போதாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் வெளிப்பட்ட ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. வெப் போர்ட்டை எட்ட முடிந்தால் கேமராவையே கைப்பற்றலாம். அப்டேட் போடாத டிவிஆர் எத்தனை வருடமானாலும் அப்படியே கிடக்கும். கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு கட்டாயமாக்கியது 2025 ஏப்ரலில்தான். அது புதிதாக விற்பவற்றுக்கே. லாட்ஜில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பெட்டியை அது தொடாது. அந்தப் பெட்டியில் தெரிவதோ உரிமையாளரின் முகமல்ல, சாமி பார்க்க வந்தவர்களின் முகம்.

இனி வேகம். வீட்டிலிருந்து படம் வெளியே போகும் அப்லோட் வேகம்தான் பெரும்பாலும் தடை. போர்ட் திறந்தாலும் அந்த வேகம் அதிகரிக்காது. கேமரா கம்பெனி ஆப்களின் பி2பி முறையும் இரு முனையையும் அறிமுகம் செய்துவிட்டு, முடிந்த இடத்தில் நேரடியாகவே இணைக்கிறது.

மாற்று வழிகளுக்கும் குறை உண்டு. பி2பி-யில் கம்பெனியை நம்பியாக வேண்டும். ஐபிவி6-இல் முகவரிப் பஞ்சம் இல்லை, பரப்பைத் துழாவுவதும் கடினம். ஆனால் ஃபயர்வாலைத் திறந்தால் அதே ஆபத்து, பழைய டிவிஆர் பலவற்றுக்கு அது தெரியவும் தெரியாது. சொந்த விபிஎன் அமைக்க ஒரு நாள் உழைப்பு வேண்டும். ஆனால் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள், சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும். ஆனால் இரு முனையையும் அறிமுகம் செய்ய அந்த நிறுவனத்தின் சர்வரையே நம்புகிறது.

ஆகவே தீர்ப்பு இது. கேமரா, டிவிஆர், ரூட்டரின் நிர்வாகப் பக்கம் ஆகியவற்றுக்குப் போர்ட் திறக்கவே கூடாது. பொது ஐபியும் செய்து பார்க்கும் ஆர்வமும் இருப்பவர் வயர்கார்டுக்காக ஒரே ஒரு யுடிபி போர்ட்டைத் திறக்கலாம். தற்சார்பு என்ற நியாயமான ஆசை அதிலேயே நிறைவேறுகிறது. மற்றவர்களுக்கு, கடவுச்சொல்லை மாற்றி அப்டேட் போட்ட பி2பி போதும். படுக்கையறைப் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். யாரோ எப்போதோ போட்ட விதி உங்கள் ரூட்டரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அழியுங்கள், கேட்காமலே போர்ட் திறந்துவிடும் யுபிஎன்பி-யையும் அணைத்துவிடுங்கள்.