முழவிசையின் பெருமையும் அதனை அளக்கும் கோலும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு, கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து அவைகளுள் ஒன்றாகிய மணியம்பலத்தைத் தன்னகத்தே கொண்டது. காளியோடு வாதிட்டு இறைவன் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இடம் இதுவே என்பர். இவ்வூரின்மேல் காரைக்காலம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்களுள் முதலாவதில், துந்துபி, தமருகம், மத்தளம், கரடிகை, மொந்தை, குடமுழா முதலிய தோற்கருவிகள் ஒரே பாடலில் அடுக்கி வருகின்றன. பழந்தமிழர் கருவிகளுக்கு ஒரு பட்டியல் வேண்டுங்கால் இப்பாடலை எடுத்துக் காட்டிவிட்டு அப்பாற் செல்லுதல் இசை வரலாறு எழுதுவோர்க்கு வழக்கமாய்விட்டது. யாமோ அதன் வைப்புமுறையை ஈண்டு நோக்க விழைகின்றோம். அம்மையார் முதற்கண் இசை நரம்புகளின் பெயர்களையே கூறுகின்றார். பண் பொருந்தப் பாடுதல் அவற்றை அடுத்து வருகின்றது. முழவுகள் அதன் பின்னரே ஒலிக்கின்றன. இறைவன் ஆடலோ இவையனைத்தோடும் விரவி நிகழ்வதாகப் பாடல் முடிகின்றது. அம்மையாரின் செப்புத் திருமேனிகள் அவரைக் கையில் தாளம் ஏந்திய கோலத்தில் காட்டுதலும் உடன் நினைக்கத்தக்கது.

இவ்வைப்புமுறை ஒரு வினாவை எழுப்புகின்றது. முழவோருள் பெரியார் யாவர்? அவர் பெருமை எதனால் அமைவது? விரலின் விரைவும் கணக்கின் அருமையுமே பெருமை எனக் கொள்வார் இன்று பலர். தனி ஆவர்த்தனம் முடிந்தவுடன் எழும் கைதட்டலே அவர்தம் அளவுகோல். அக்கோல் பிழையானது என்பதோடு, தமிழில் அதனினும் செம்மையான கோல் ஒன்று பண்டே அமைந்துளது என்பதும் எம் கருத்து.

அக்கோலைத் தந்தவர் இளங்கோவடிகள். அரங்கேற்று காதையுள், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன் ஆகியோரை அடுத்துத் தண்ணுமை ஆசிரியன் இலக்கணம் கூறப்படுகின்றது. வியப்பு யாதெனின், அவ்விலக்கணம் கைத்திறத்தில் தொடங்கவில்லை. ஆடலும் பாடலும் இசையும் தமிழும் பண்ணும் தாளமும் தூக்கும் அறிந்தவன் அவன் என்றே தொடங்குகின்றது. தோலைத் தட்டுவோன் தமிழ் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விதி இன்று யாருக்கேனும் நினைவில் உண்டோ என்பது ஐயமே. சொல் எங்கே நிற்கும், எங்கே நீளும் என்று உணராதவன் பாட்டின் நடுவே அறுத்துவிடுவான். ஆதலின் அவ்விதி தேவையற்ற அணியன்று. இதன் பின்னரே விரலின் தொழில் பேசப்படுகின்றது. ஆண்டும், யாழும் குழலும் மிடறும் இசைந்து கேட்கும்படி விரலைச் செலுத்துதலே போற்றப்படுகின்றது. ஆக்கல், அடக்கல் என்னும் இருதொழிலும் மிகைபடாமல் நிகழ்தல் வேண்டும் என்று அடிகள் வரையறுக்கின்றார். பிற இசையிற் குறைவு நேர்ந்துழி நிரப்புதல் ஆக்கல் எனவும், தன் ஒலி அவற்றை மூடாதவாறு காத்தல் அடக்கல் எனவும் யாம் கொள்கின்றோம். மாதவி ஆடும்பொழுதும் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், தண்ணுமையின் பின் முழவும் நின்றதாகவே காப்பியம் கூறும். எனவே இக்கோலின்படி முழவோனின் முதல் உறுப்பு கையன்று; செவியே.

இதனைக் கொண்டு சென்ற நூற்றாண்டின் மிருதங்க வித்துவான்கள் இருவரை நோக்குவாம். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) புதுக்கோட்டை மரபினர். முத்தையா பிள்ளையின் மைந்தர். இடக்கையர் ஆதலின் மேடையில் அவர் அமரும் பக்கமே மாறியது. அதனால் வயலின் வித்துவானும் இடம் மாறி அமர வேண்டியதாயிற்று. அதற்கு உடன்படாதார் இருந்தமையின் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. செம்பை வைத்தியநாத பாகவதர் துணை நின்றமையாலேயே அத்தடை ஓரளவு நீங்கிற்று. ஒலிப்பதிவுகளில் அவர் வாசிப்பைக் கேட்போர் முதற்கண் உணர்வது விரைவையன்று. தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்காரத்தையும், இடையிடையே அவர் விடும் வெற்றிடத்தையும் ஆகும். அவ்வெற்றிடம் அடக்கல் என்பதற்குச் சிறந்த உரை. எந்த உரையாசிரியரும் அதனை அத்துணைத் தெளிவாக எழுதினாரல்லர்.

பாலக்காடு மணி ஐயர் (1912-1981) வேறு இயல்பினர். கீர்த்தனத்தின் ஒவ்வொரு சொல்லோடும் உடன் நடந்து, பாடுவோர் எண்ணுவதை அவர் எண்ணுமுன்னே தொட்டுக்காட்டும் வாசிப்பு அவருடையது. அஃது ஆக்கல். பழனியாரின் தொப்பி நாதத்தை அவர் பெரிதும் மதித்தார். ஒலிபெருக்கியின்றியே கச்சேரி நிகழவேண்டும் என ஒரு காலத்து வற்புறுத்தியவரும் அவரே. அதனைப் பிடிவாதம் என்றார் பலர். ஒலிபெருக்கி முழவின் ஒலியைத் தானே மிகுத்துவிடுமாயின், அடக்குதல் வாசிப்போன் கையினின்று நீங்கி விசை திருகுவோன் கைக்குப் போய்விடுகின்றது என்பதை எண்ணின், அப்பிடிவாதம் அடிகளின் இலக்கணத்தைக் காத்தது என்பது புலனாம். 1966-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவர்க்கு வழங்கப்பெற்றது. முழவோர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. பழனியார் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மறைந்தார். அடக்கத்தால் பெயர் பெற்ற வேலூர் இராமபத்திரன் 2004-இல் அதே பட்டம் பெற்றதனையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

ஆயின் இக்கோல் எல்லா முழவுக்கும் பொருந்துமோ? பொருந்தாது என்றே யாம் துணிகின்றோம். தவிலை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் விரல்களிற் கூடுகள் செறித்தும் இடப்பக்கம் கழி கொண்டும் முழக்கப்படுவது அது. வீதியிலும் கோயில் வெளியிலும் நெடுந்தொலைவு செல்லவேண்டிய ஒலி அதனுடையது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே போற்றப்பட்டமைக்குக் காரணம் நாகசுரத்தின் பின் ஒதுங்கி நின்றமையன்று. விரைவின் உச்சியிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிந்து நிற்றலே அவர் சிறப்பு. ஈண்டு, மேலே யாம் குறைகூறிய விரைவே பெருமையாகின்றது. பிற இசைக்கு இடம்விடுதல் என்னும் அளவில் மட்டும் அடக்கலைக் கொள்வோமாயின் அவரை அளத்தல் இயலாது. ஒரு சொல்லின் ஒலி அடுத்த சொல்லை மூடாமற் காத்தல் எனப் பொருளை விரிப்பின், ஒருவாறு இயலும்.

பறையிலோ அதுவும் பற்றாது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளுள் பறையை வைத்தார். மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டொன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் எனக் குடிகள் நான்கினைச் சுட்டும். அவற்றுள் முழவின் பெயரால் வழங்குவன இரண்டு. இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆடித் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் பறை ஒலிக்கக் கேட்கலாம். தீயிற் காய்ச்சி முறுக்கேற்றிய தோலின்மேல் இரு குச்சிகள் வீழ, முழக்குவோனே ஆடுவோனுமாகின்றான். யாரைப் பின்பற்றி அவன் அடங்குவது? அவனுக்குமுன் யாழும் இல்லை, மிடறும் இல்லை. கூடியிருப்போர் காலடியே அவன் கேட்கும் பாட்டு. அவர் தளர்ந்துழி எழுப்பியும், மிக்குழித் தணித்தும் அவன் செலுத்துகின்றான் எனின், ஆக்கலும் அடக்கலும் அரங்கினின்று இறங்கித் தெருவிற்கு வந்தன எனலாம். இவ்விளக்கம் சற்று வலிந்து கொண்டதே என்பதை மறைக்க விரும்பவில்லை. அடிகளின் இலக்கணம் அரங்கிற்கு வகுத்தது. தெருவின் முழவிற்கு ஓர் இலக்கணம் வகுக்க வேண்டிய கடன் நம் துறையினர்க்கு உரியது. 2025-இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஸ்ரீ விருது பெற்றார். விருது முந்திற்று, ஆராய்ச்சி இன்னும் வந்து சேரவில்லை.

மீண்டும் அம்மையார் பாடலுக்கு வருவோம். கருவிப் பெயர்களின் நடுவே அதில் வலிய கையும் மெல்லிய தோலும் பேசப்படுகின்றன. அவற்றையும் கருவிப் பெயர்களாகக் கொள்ள இடம் உண்டாயினும், சொற்கிடந்தவாறே கையும் தோலும் எனக் கொள்ளுதலே எமக்கு உவப்பாவது. என்னை? கை வாசிப்போனுடையது, தோலோ பிறர் ஒருவர் பதப்படுத்தித் தந்தது. மிருதங்கத்தின் பலாமரக் கட்டையின்மேல் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் இசைய வேண்டும். வலந்தலையில் கற்பொடியும் சோறும் பிசைந்த கரணை படிப்படியாகத் தேய்த்து ஏற்றப்பட வேண்டும். வெறுந்தோலின் மேலொலிகள் ஒன்றற்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. கரணையிட்ட தோலிலோ அமைகின்றன. இதனைச் சர். சி. வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். அவர் ஆராய்ந்து கண்டதனை, அளவிடும் கருவி யாதுமின்றிச் செவியாலேயே கண்டவர்கள் முழவு செய்வோர். டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூல் செபாஸ்டியன் வழியினரான அத்தகைய குடும்பத்தாரின் வரலாற்றைக் கூறுகின்றது. அவருள் பர்லாந்து என்பார் மணி ஐயர்க்கு மிருதங்கம் அமைத்தவர். ஐயர் வேண்டிய நாதத்தை அவர் தோலிலே தேடினார், அவர் தந்த தோலிலே ஐயர் வாசித்தார். கச்சேரி அழைப்பிதழ்களில் பக்கவாத்தியக்காரர் பெயர் பாடுவோர் பெயரின் கீழே அச்சிடப்படும். அதற்கும் கீழே ஒரு வரி இடம் இருந்தும், அங்கே பர்லாந்தின் பெயர் அச்சாகியதில்லை.