மறையும் படமும் மாறிய முகமும்

ஸ்னாப்சாட் என்பதொன்று நம் வாலிபர்களிடையே வழங்கி வருவதை வாசகர்கள் அறிவார்கள். கைப்பேசியில் ஒரு படம் பிடித்து, அதன்மேல் இரண்டொரு சொல் எழுதி, நண்பருக்கு அனுப்புவது. அவர் பார்த்ததும் அது மறைந்துவிடுவது. இவ்வளவே அதன் இலக்கணம். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவான் ஸ்பீகல், பாபி மர்பி, ரெஜி பிரவுன் என்னும் ஸ்டான்போர்டு வாலிபர் மூவர் இதனைத் தொடங்கினர். கூலிமிலும் பீடோங்கிலும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கருவியை முகத்துக்கு நேரே பிடித்து நிற்பதைக் காண்கிறோம். இலக்கியப் பகுதியில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். கடிதம் ஆராயத்தக்கதாயின், ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் படமும் ஆராயத்தக்கதே என்பது நமது அபிப்பிராயம்.

படம் மறைவதே குற்றமென்பர் பெரியோர். அதனை நாம் ஒப்பவில்லை. வாய்ச்சொல்லும் மறைவதே. பால்மரக் காட்டில் நம் பாட்டிமார் பாடியதெல்லாம் ஏட்டிலா ஏறிற்று? பேசியது யாவும் பதிவாகிப் பின்னர் சாட்சிக்கு வரும் இக்காலத்தில், மறையும் பேச்சுக்கும் ஓரிடம் வேண்டுமென விரும்புவது நியாயமே. ஆனால், மறையும் என்ற வாக்கு முழு உண்மையன்று. பெற்றவர் அதனைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள வழிகள் இருந்தும் பொதுமக்களை ஏமாற்றியதாக 2014இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்ட, கம்பெனியார் உடன்பாட்டுக்கு இணங்கினர். அவ்வாறு வெளியேறும் படத்தால் ஏச்சுக்கு ஆளாகிறவள் பெண்பிள்ளையே. பரப்பிய பையனைக் கேட்பாரில்லை. 2016இல் கம்பெனியாரே படங்களைச் சேமிக்க ஒரு பெட்டி வைத்தனர். 2025 செப்டம்பரில், 5 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட சேமிப்புக்குக் கட்டணம் என்று அறிவித்தனர்.

நாள்தவறாது இருவரும் படம் அனுப்பிவந்தால் தீக்குறியொன்றும் நாட்கணக்கும் தோன்றும். தவறினால் கணக்கு அழியும். அதனைக் காப்பதற்கென்றே சுவரையும் கூரையையும் படம்பிடித்து அனுப்புவோர் உண்டு. இதைப்பற்றி மேலும் எழுதுவது அவசியமில்லை.

நாம் ஆட்சேபிப்பது வேறொன்றை. 2015 முதல் லென்ஸ் என்னும் முகப்பூச்சுகள் இதில் வந்தன. நாய்க்காது முதலியன வெறும் விளையாட்டு. அழகுபடுத்துவதாகச் சொல்லி வந்த சிலவோ தோலை வெளுப்பாக்கின. 2016இல் அதனைப் பலர் கண்டித்தனர். அவ்வாண்டே ஏப்ரல் 20ஆம் நாள், பாடகர் பாப் மார்லியின் வேடமென்று வந்த பூச்சு முகத்தைக் கறுப்பாக்கிற்று. அழகுக்கு வெளுப்பாம், வேடிக்கைக்குக் கறுப்பாம்! பெண்பார்க்க வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, நிறம் போதாதென்று எழுந்து போகும் நம்மவர் புத்தியை யந்திரமும் கற்றுக்கொண்டது போலும்.

நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தில் சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி காலமானார். பால் வெட்டியும், பின்னர் செம்பனைப் பழம் பொறுக்கியும் வாழ்ந்தவர். அவர் தகப்பனார் 1943இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். அவருடைய முகம் எந்தப் படத்திலும் இல்லை. அஞ்சலி விளம்பரத்துக்குத் தாயாரின் படம் வேண்டுமென்று மகன் ஆபீசுக்கு வந்தார். கூடவந்த பேத்திக்கு வயது பதினேழு. "பாட்டியோடு தினமும் எடுப்பேன் சார், ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை" என்றாள். ஒன்றே ஒன்று சேமிப்பில் இருந்தது. அதில் இருவருக்கும் நாய்க்காது, இருவரும் வெளுப்பு. பாட்டியின் நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட அதில் இல்லை.

கடைசியில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணிப் படக்கடைக்கு மூவரும் சென்றோம். கடைக்காரர் அந்தச் சிறு படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். சற்று மங்கல்தான், ஆயினும் நாம் அறிந்த முகம். அப்பெண் வெகுநேரம் பார்த்திருந்து, "கொஞ்சம் வெளுப்பாக்கித் தருவீர்களா?" என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் உடனே விசையில் கைவைத்தார். மகன், "வேண்டாம், அம்மா இப்படித்தான் இருந்தார்கள்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தார்.