உனக்கு என்ன வந்துச்சு?

ஜேஇஇ மெயின் எழுதிவிட்டு வெளியே வரும் மாணவர் கையில் வினாத்தாள் இருக்காது. தேர்வு கணினியில் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்த ரஃப் ஷீட்டையும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 75 கேள்விகளோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியதற்கு மிஞ்சுவது நினைவு ஒன்றுதான். ஆனாலும் கேட்டைத் தாண்டியதும் தெரிந்த முகம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், "மச்சி, அந்த ஏரியா கணக்குக்கு உனக்கு என்ன வந்துச்சு?" என்று பேச்சு தொடங்கிவிடும். இயற்பியலும் வேதியியலும் அதற்குப் பிறகுதான். கணக்கில் முடிவாக ஓர் எண் கையில் நிற்கிறது, அதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்பதுதான் காரணம்.

"முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, அதைப் பத்திப் பேசாதே" என்பது பெற்றோரும் ஆசிரியரும் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

y² = 4x என்ற பரவளையத்துக்கும் அதன் செவ்வகலத்துக்கும் இடைப்பட்ட பரப்பைக் கேட்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவன் "எட்டு பை மூணு" என்கிறான், இன்னொருவன் "நாலு பை மூணுடா" என்கிறான். இரண்டு நிமிடம் வாக்குவாதம். டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரையப்படுகிறது. உடனே இரண்டாமவன் தலையில் கைவைத்துக்கொள்கிறான். x-அச்சுக்கு மேலே உள்ள பாதியை மட்டும் தொகையிட்டுவிட்டு, கீழ்ப் பாதியைச் சேர்க்க மறந்திருக்கிறான். இந்தத் தவற்றை அவன் இனிமேல் செய்வது அரிது. பயிற்சி மையத்தில் பத்து மாதிரித் தேர்வுகள் எழுதியும் படியாத பாடம், நான்கு மதிப்பெண் போய் ஒரு மதிப்பெண் நெகட்டிவும் விழுந்த வலியோடு சேர்ந்து படிந்துவிடுகிறது. ஜனவரியில் எழுதியவர் ஏப்ரலில் மறுபடி எழுதலாம் என்பதால் இது வெறும் பிரேதப் பரிசோதனையும் அல்ல.

ஆனால் அவன் அதுவரை நிம்மதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 4/3 என்பதும் ஆப்ஷனில் இருந்திருக்கும். வினா அமைப்பவர்கள் மாணவர் எங்கே சறுக்குவார் என்று கணித்து, அந்தச் சறுக்கலில் விழும் எண்ணையே ஒரு விடையாக வைப்பார்கள். ஆகவே "எனக்கு வந்தது ஆப்ஷன்ல இருந்துச்சே" என்பது எதற்கும் ஆதாரமாகாது. "நாலு பேருக்கும் அதேதான் வந்துச்சு" என்பதும் ஆகாது. ஒரே இடத்தில் ஒரே மாதிரி சறுக்கிய நான்கு பேர், ஒருவருக்கொருவர் சாட்சியாகிவிட முடியும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்ததைவிட நல்ல சான்று கிடைக்காது. 1982 மே மாதம் நடந்த, கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. பெரிய வட்டம் ஒன்றின் மேல் சிறிய வட்டம் ஒன்று உருண்டு ஒரு சுற்று வருகிறது. சிறியதன் ஆரம் பெரியதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் சிறிய வட்டம் எத்தனை முறை சுழலும்? சுற்றளவை வகுத்தால் 3. தேர்வை அமைத்தவர்கள் மனதில் இருந்த விடையும் 3தான். சரியான விடையோ 4. நேர்க்கோட்டில் உருண்டால் 3 சுழற்சி, வட்டத்தைச் சுற்றி வருவதால் இன்னொன்று கூடுகிறது. கொடுக்கப்பட்ட ஐந்து விடைகளில் 4 இல்லவே இல்லை. ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதிய அந்தத் தேர்வில், தவற்றைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிய மாணவர்கள் மூவர். பிறகு அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்ணைத் திருத்தினார்கள். அன்று வாசலில் நின்று விடையை ஒப்பிட்டவர்கள் "மூணுதானே?" "மூணுதான்" என்று ஒரே குரலில் சொல்லி, திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஒப்பீட்டின் பலனே கருத்து வேறுபடும் இடத்தில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் தேடுவதோ உடன்பாட்டை. எட்டுக்கு எட்டு வந்துவிட்டால் "அப்பாடா" என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள், இருவரும் எப்படிப் போட்டார்கள் என்ற பேச்சே எழுவதில்லை. விடை வேறுபட்டால் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு ஓட்டெடுப்பு நடக்கிறது. கணக்கில் பெரும்பான்மைக்கு என்ன மரியாதை?

நினைவும் முழுதாக நம்பத் தக்கதல்ல. கேள்விகளின் வரிசையும் விடைகளின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாற்றித் தரப்படுவதால் "17வது கேள்விக்கு பி-தானே?" என்று கேட்க முடியாது. கேள்வியையே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது y² = 4x என்பது x² = 4y ஆகும், மைனஸ் ஒன்று காணாமல் போகும். சரியாகப் போட்டவன் தவறாக நினைவுவைத்தவனிடம் தோற்று, ஒரு வாரம் தூக்கம் கெடுவதும் உண்டு.

இன்னொரு பக்கம், இந்த வாசல் பேச்சு தேர்வு முகமைக்கே ஒரு காவல். சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு வரும். தவறு என்று நினைப்பவர் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அந்தப் பணம் திரும்பி வராது. தனியாக உட்கார்ந்து பார்க்கும் மாணவருக்கு முதலில் வருவது தன்மேல்தான் சந்தேகம். வேறு வழியில் போட்டும் தன் விடைக்கே வந்த இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் 200 ரூபாயைப் பணயம் வைக்கத் துணிவு வருகிறது. 2025 ஜனவரி அமர்வின் இறுதி விடைக்குறிப்பில் 12 கேள்விகள் நீக்கப்பட்டன. முகமை தவறே செய்யாது என்று இதற்குமேல் யாரும் சொல்ல முடியாது. 2021 முதல் தமிழிலும் ஜேஇஇ மெயின் எழுதலாம். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. தமிழில் எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதியவரோடு ஒப்பிட்டால் தவறு கணக்கிலா மொழிபெயர்ப்பிலா என்பதும் அங்கேயே பிடிபடும்.

மதிப்பெண்ணைக் கணிப்பதற்காக ஒப்பிடுவதுதான் சுத்த வீண். ஷிப்டுக்கு ஷிப்ட் வினாத்தாள் வேறு, கடினமும் வேறு. தரப்படுவது பர்சென்டைல், அதாவது அதே ஷிப்டில் எழுதியவர்களுக்கு நடுவில் நம் இடம். காலை ஷிப்டின் 180 மதிப்பெண்ணும் மாலை ஷிப்டின் 180 மதிப்பெண்ணும் ஒன்றல்ல. இது தெரிந்தும், பயிற்சி மையங்கள் அன்று மாலையே வெளியிடும் கணிப்புப் பட்டியலைப் பார்த்து வீடே இழவு வீடாகிறது.

உண்மையான சேதம் நிகழ்வது அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு நாளின் மதியச் சாப்பாட்டு வேளையில். முதல் தாள் 9 முதல் 12 வரை, இரண்டாம் தாள் 2.30 முதல் 5.30 வரை. இரண்டிலும் கணக்கு உண்டு. அம்மா தயிர்சாதத்தைப் பிசைந்து நீட்டும்போது பக்கத்து மர நிழலிலிருந்து "ஏ, சி, டி மூணும் சரி" என்று ஒரு குரல் கேட்கிறது. ஏ-யும் சி-யும் மட்டும் போட்டவனுக்குச் சாதம் இறங்காது. அவை இரண்டும் சரியாக இருந்தால் அவனுக்குப் பகுதி மதிப்பெண் உண்டு. அந்தக் குரல் சொன்ன டி தவறாக இருந்தால், சொன்னவனுக்குத்தான் நெகட்டிவ். இதையெல்லாம் நிதானமாக எண்ணிப் பார்க்கும் நிலையிலா இருப்பான்? இரண்டாம் தாளில் முதல் பத்து நிமிடம் காலைக் கணக்கிலேயே போய்விடுகிறது. பெற்றோரின் அறிவுரையில் நான் ஏற்கும் பாதி இதுதான். அந்த இரண்டரை மணி நேரம் வாயைக் கட்டத்தான் வேண்டும்.

ஒப்பிட ஆளே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே பயிற்சி மையத்தின் பிள்ளைகள் கூட்டமாக நின்று பேசுவதை, சிற்றூரிலிருந்து அப்பாவோடு பஸ் ஏறி வந்த அரசுப் பள்ளி மாணவி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் போட்ட விடையும் சரியாக இருக்கலாம், அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ அவருக்கு வட்டம் கிடையாது. முகமையின் தவறு அவர் கண்ணில் பட்டாலும் 200 ரூபாய் கட்டும் முன் யாரிடம் கேட்பார்?

சில நாள் கழித்து விடைக்குறிப்போடு ஒவ்வொருவரின் விடைத்தாளும் இணையத்தில் வருகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அடையாள எண், அவரவர் தேர்ந்த விடை, எல்லாம் அதில் இருக்கும். நினைவைத் துழாவ வேண்டியதில்லை. அந்த வாரத்தில் பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஒரு பிற்பகல் ஒதுக்கி, தேர்வெழுதிய பிள்ளைகளை உட்காரவைத்து, விடை வேறுபட்ட கணக்குகளை மட்டும் கரும்பலகையில் போடச் சொன்னால் அந்த மாணவிக்கும் ஒரு வட்டம் கிடைக்கும். இப்போதைக்கு அந்த விடைத்தாளைத் திறப்பவர்கள் சரிக்கு நான்கைக் கூட்டி, தவறுக்கு ஒன்றைக் கழித்து, மொத்தத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.