நூல், சுருள், வாள், திறவுகோல்: பனியனின் பயணக் கதையிலும் இரட்சணிய யாத்திரிகத்திலும் வேதவாசிப்பின் வளர்நிலை

ஆய்வுச் சுருக்கம்

விவிலியத்தை வாசிப்பதால் நம்பிக்கையாளர் ஆன்மிகத்தில் வளர்கின்றார் என்பது கிறித்தவ மரபில் எங்கும் ஏற்கப்பெற்ற கருத்தாகும். அவ்வளர்ச்சி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையையும் (1678), அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தையும் (1894) முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது. வேதத்தை மிகுதியாக அறிதலே வளர்ச்சி என்னும் எளிய விளக்கத்திற்கு இவ்விரு நூல்களும் இடந்தரவில்லை என்பது இங்கு முன்வைக்கப்பெறும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன், கிருஷ்ணபிள்ளை, வேதவாசிப்பு, முற்றுருவகம், பருவம்

முன்னுரை

இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கம்பன் சாயலிலிருந்தே தொடங்குகின்றனர். கிருஷ்ணபிள்ளைக்கு வழங்கும் ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பெயரே அதற்கு வழிவகுத்துவிட்டது. நடையழகும் உவமைச் செறிவும் எடுத்துக்காட்டப்பெறுகின்றன. முற்றுருவக அமைப்பு விளக்கப்பெறுகின்றது. கதைமாந்தர் ஒவ்வொருவரும் எந்தப் பண்பைக் குறிக்கின்றனர் என்னும் பட்டியலும் தரப்பெறுகின்றது. இவை தேவையான பணிகளே. எனினும் இக்கதை ஒரு வாசகனின் கதை என்பது இத்தகைய ஆய்வுகளில் எளிதாக மறைந்துவிடுகின்றது. பனியனின் முதற்பக்கத்தில் நாம் காணும் மனிதன் கந்தை உடுத்தவன். முதுகிற் சுமை தாங்கியவன். கையில் நூல் ஒன்றை வைத்திருப்பவன். அவன் அந்நூலைத் திறந்து வாசிக்கின்றான். வாசித்து அழுது நடுங்குகின்றான். கதை முழுவதும் அந்த வாசிப்பிலிருந்தே பிறக்கின்றது.

திருத்தூதர் பேதுருவின் முதல் திருமுகம் (2:2) இறைவாக்கைப் பாலாகவும் நம்பிக்கையாளரை அப்பாலை உண்டு வளரும் குழந்தைகளாகவும் உருவகிக்கின்றது. எபிரேயருக்கு எழுதப்பெற்ற திருமுகமோ (5:12-14) பாலிலேயே தங்கிவிட்டோரைக் கடிந்து, திட உணவை முதிர்ந்தோருக்கு உரியதாகக் கூறுகின்றது. இவ்விரு பகுதிகளிலும் வளர்ச்சி உணவின்வழி விளக்கப்பெறுகின்றது. ஆனால், உண்டது உடலாகும் முறை இங்குச் சொல்லப்பெறவில்லை. அந்த இடைவெளியிலேதான் பனியன் தம் கதையை எழுதினார்.

பனியனின் வாசிப்பு அனுபவம்

1628இல் பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோவில் பிறந்த பனியன் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளர், உயர்கல்வி பெறாதவர். அரசத் திருச்சபையின் இசைவின்றிப் போதித்தமைக்காக 1660இல் கைதுசெய்யப்பெற்று ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். அக்காலத்தில் வெளிவந்த அவருடைய ஆன்மிகத் தன்வரலாறு (1666) பயணக் கதையைப் புரிந்துகொள்ள இன்றியமையாத துணையாகும். அதில் விவிலிய வசனங்கள் ஏட்டில் அடங்கிக் கிடப்பதில்லை. அவை தாமாக எழுந்துவந்து அவரைத் தாக்குகின்றன, துரத்துகின்றன, சிலவேளை அணைத்துக்கொள்கின்றன. தன் பிறப்புரிமையை விற்ற ஏசா பின்னர் மனம் வருந்தியும் ஏற்கப்பெறவில்லை என்னும் எபிரேயர் திருமுகத்துச் செய்தி (12:17) அவரை நெடுங்காலம் வதைத்தது. ‘என் அருள் உனக்குப் போதும்’ என்னும் பொருளுடைய கொரிந்தியர் வசனமோ (2 கொரி. 12:9) அவருக்கு ஒரே வேளையில் முழுமையாகக் கிட்டவில்லை. அருள் போதும் என்பது முதலில் வந்தது. ‘உனக்கு’ என்னும் ஒரு சொல் பின்னரே வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்த நாள்களே அவருடைய வளர்ச்சியின் வரலாறு எனலாம்.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. இறைவனை நம்பி ஏமாந்தவர் முன்னைத் தலைமுறைகளில் எவரேனும் உண்டோ என்னும் கருத்தமைந்த தொடர் ஒன்று ஒருநாள் அவர் உள்ளத்தில் எழுந்தது. அது விவிலியத்தில் எங்கேனும் இருக்கும் என்று நம்பி ஓராண்டுக்கு மேல் தேடினார். இறுதியில் அது சீராக்கின் ஞானநூலில் (2:10) இருக்கக் கண்டார். சீர்திருத்தச் சபையார் அந்நூலைத் திருமறைத் தொகுதியுள் சேர்ப்பதில்லையாதலின் முதலில் திகைத்தார். பின்னர், அத்தொடர் வேதத்தின் பல வாக்குறுதிகளின் சாரமாக இருத்தலின் அதனை ஏற்பதே தகும் எனத் தெளிந்தார். எல்லைகளை மதிக்கும் கடுமையும் அவற்றை மீறி வரும் ஆறுதலை மறுக்காத நேர்மையும் இங்கு ஒருங்கே காணப்பெறுகின்றன. முதிர்ந்த வாசிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்டல் அரிது.

நூல் மாறும் நிலைகள்

பயணக் கதையில் இவ்வனுபவம் பொருள்களாக உருப்பெறுகின்றது. தொடக்கத்தில் வேதம் கையிலுள்ள நூல். அது சுமையை உணர்த்துகின்றதே அன்றி இறக்கவில்லை. அதே நூலிலிருந்து வரவிருக்கும் அரசின் மகிமையைப் பயணி படித்துச் சொல்லக் கேட்டு அவனுடன் புறப்படும் அயலான் ஒருவன், முதற்சேற்றில் விழுந்தவுடன் வீடு திரும்பிவிடுகின்றான். இருவருக்கும் நூல் ஒன்றே. சுமையில்லாதவனுக்கு அது இனிய செய்தி மட்டுமே. சேறு வந்ததும் அச்செய்தி பயன்படவில்லை.

பொருளுரைப்பவர் வீட்டில் தூசி படிந்த கூடம் ஒன்று காட்டப்பெறுகின்றது. ஒருவன் துடைப்பத்தாற் பெருக்க, தூசி எழுந்து மூச்சை அடைக்கின்றது. ஒரு பெண் நீர் தெளித்த பின்னரே கூடம் தூய்மையாகின்றது. துடைப்பம் திருச்சட்டம், நீர் நற்செய்தி. வேதம் ஒரே வகையாகச் செயற்படுவதில்லை என்பதும், அதன் முதற்செயல் தூசியை எழுப்புவதாகவே இருக்கக்கூடும் என்பதும் இதனாற் புலனாகின்றன. வேதவாசிப்பு உடனே அமைதி தரும் என எதிர்பார்ப்போருக்கு இக்காட்சி உவப்பாக இராது.

சிலுவையடியிற் சுமை விழுந்தபின் பயணிக்கு முத்திரையிட்ட சுருள் ஒன்று வழங்கப்பெறுகின்றது. இடர்மலையின் நடுவே நிழற்குடிலில் உறங்கி அவன் அதனைத் தவறவிடுகின்றான். வந்த வழியே திரும்பிச் சென்று, இருக்கையின் கீழ்க் கண்டெடுக்கின்றான். ஒரே வழியை மும்முறை நடக்க நேர்கின்றது. வளர்ச்சியை மேல்நோக்கிய நேர்கோடாகக் காணும் வழக்கத்தை இந்த நடை மறுக்கின்றது. பின்னர்ப் பகைவனோடு நிகழும் போரில் இறைவாக்கு வாளாகின்றது; அவ்வாளும் ஒருமுறை கைநழுவி விழுகின்றது.

இவ்வரிசையில் மிகச் சிறந்தது ஐயக்கோட்டைக் காட்சி. பயணியும் தோழனும் புதன் காலை முதல் சனி இரவு வரை நிலவறையிற் கிடந்து அடியுண்டு, உயிரை விட்டுவிடலாம் எனக் கருதும் அளவுக்குத் தளர்கின்றனர். விடியும் வேளையிலேதான், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது பயணியின் நினைவுக்கு வருகின்றது. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்தது. அறியாமை அவனை அடைத்துவைக்கவில்லை. அறிந்தது பயன்படும் நிலைக்கு வரவில்லை, அவ்வளவே. கடைசி இரும்புக் கதவின் பூட்டு எளிதில் திறக்கவில்லை என்பதையும் பனியன் சொல்லத் தவறவில்லை. சிறைக் கதவுகளை அறிந்தவர் அவர்.

இதற்கு மறுதலையாக வேதத்தைப் பற்றி எவ்விடத்தும் சரளமாகப் பேசவல்ல வாயாடி ஒருவன் வருகின்றான். அவன் பேச்சிற் பிழையில்லை. பயணியின் தோழனே முதலில் அவனை மெச்சுகின்றான். பிழையில்லாத அப்பேச்சு அவன் வாழ்வில் எங்கும் ஊன்றவில்லை. பனியன் அவனை அரக்கரைவிடக் கடுமையாக நடத்துவது நியாயமாகவே தோன்றுகின்றது.

கிருஷ்ணபிள்ளையின் பருவங்கள்

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்த கிருஷ்ணபிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். கிறித்தவத்தைத் தழுவியபோது அவர் முப்பது வயது கடந்த தமிழ்ப் புலவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் புதிய வேதத்தை வெற்று உள்ளத்துடன் வாசிக்கவில்லை. கம்பனும் ஆழ்வார்களும் குடியிருந்த உள்ளத்துடன் வாசித்தார்.

பனியனின் உரைநடைக் கதை 3766 பாடல்களாக விரிந்து ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பெற்றது. பருவம் என்னும் பெயர் பாரதப் பகுப்பை நினைவூட்டும். தமிழ்க் காதுக்கோ அச்சொல் முதிர்வையும் காலத்தையும் சேர்த்தே ஒலிக்கும். பயிருக்கும் பருவம் உண்டு, பிள்ளைக்கும் உண்டு. ஆன்ம வளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட காப்பியத்திற்கு இதனினும் பொருந்திய பகுப்புப்பெயர் அமைந்திராது. ஆசிரியர் இதனைக் கருதியே அமைத்தாரா என்பதை விடுத்து, பெயர் தன் வேலையைச் செய்கின்றது என்று மட்டும் கூறலாம்.

குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலமே பனியனிடமிருந்து அவர் பெரிதும் விலகும் இடம். பனியனின் பயணி கையில் வைத்திருக்கும் நூலின் கதை அங்கு விரித்துச் சொல்லப்பெறுவதில்லை. ஆங்கில வாசகர் அதனை முன்பே அறிவர் என்னும் துணிபு அதற்குக் காரணம். தமிழில் அத்துணிபுக்கு இடமில்லை. எனவே கிருஷ்ணபிள்ளை கிறித்துவின் பாடுகளைக் காப்பியத்தினுள்ளேயே பாடுகின்றார். நூலைப் பற்றிய கதை, நூலையே ஊட்டும் கதையாகின்றது.

அப்பகுதியில் ஒரு பாடற்பொருளை மட்டும் இங்கு நோக்குவோம். காவலர் இயேசுவைப் பிடித்துக் கட்டினர் என யோவான் நற்செய்தி (18:12) சுருங்கக் கூறிக் கடந்துவிடுகின்றது. கிருஷ்ணபிள்ளை அவ்விடத்தில் நிற்கின்றார். அவரைப் பிணித்தது கயிறென்று எண்ணாதீர். தம்மைப் பகைத்த கீழ்மக்களை நினைந்து உருகும் அன்பென்னும் கொடியே அவரைப் பிணித்தது. அதை அறுக்கவொண்ணாமல் ஏழையைப்போல் ஒடுங்கி நின்றார் என்பது பாடலின் கருத்து. நற்செய்தியில் இவ்விளக்கம் இல்லை. நற்செய்திக்கு மாறாகவும் இல்லை. கட்டுதல் என்னும் வினை நெடுநாள் உள்ளத்திற் கிடந்து முளைத்த பொருள் இது. இறைவன் அடியவரின் அன்பிற்குக் கட்டுண்பான் என்னும் பத்தி மரபின் எண்ணத்தோடு வளர்ந்தவர்க்கே கயிற்றைக் கண்டவுடன் அன்பு தோன்றும். ஆனால் இங்குக் கட்டுவது அடியவர் அன்பு அன்று. பகைவர்மேல் அவர் கொண்ட அன்பு. பழைய மரபு அவர் கண்ணைத் திறந்தது. கண்ட பொருளோ அம்மரபுக்குப் புதியது.

இத்தகைய ஆக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு. பனியனிடம் வசனம் வாசகனைத் தாக்கும், அவன் திணறுவான். காப்பிய விருத்தத்தின் பெருமித ஓட்டத்திலோ அந்தத் திணறல் அடங்கிவிடுகின்றது. ‘உனக்கு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருப்பவனின் தனிமையைச் சொல்ல விருத்தம் ஏற்ற யாப்பன்று. கிருஷ்ணபிள்ளை இதனை உணர்ந்திருந்தார் எனக் கொள்ளக் காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரங்களே சான்று. அங்குக் கதைசொல்லியின் குரல் விலக, இறைவன்முன் நிற்கும் ஒருவனின் குரல் எழுகின்றது. வைணவராய்ப் பிறந்த கிறித்தவர் சைவத் திருமுறையின் பெயரைத் தம் பாடல்களுக்குச் சூட்டியது தனி ஆய்வுக்குரியது.

ஆற்றங்கரையில்

வான்நகருக்கு முன்னுள்ள பாலமில்லா ஆற்றில் பனியனின் பயணி இறங்குகின்றான். இருள் அவனைச் சூழ்கின்றது. வழியில் தான் பெற்ற ஆறுதல்களை நினைக்கவும் முறையாகப் பேசவும் அவனால் இயலவில்லை. நூலோடு புறப்பட்டவன், வாள் ஏந்தியவன், திறவுகோலை நினைவுகூர்ந்தவன், ஈற்றில் எதையும் நினைவிற் கொள்ள இயலாதவனாகின்றான். அப்போது அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடித்து, சங்கீதத்தின் சொற்களை அவனுக்கு நினைவூட்டுபவன் தோழன். அதன்பின்னரே ஏசாயாவின் வாக்குறுதி (43:2) பயணியின் வாயில் திரும்ப எழுகின்றது. தனிமனிதனின் கையில் தொடங்கிய வாசிப்பு இங்கு இன்னொருவனின் குரலில் அவனிடம் வந்து சேர்கின்றது. பெட்ஃபோர்டு நகரில் வாயிற்படியில் வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்களின் உரையாடலைக் கேட்டதே தம் மாற்றத்திற்குப் பெருந்தூண்டுதலாயிற்று எனப் பனியன் தன்வரலாற்றில் எழுதியுள்ளமை இவ்விடத்து உடன்வைத்து நோக்கத்தக்கது.