செம்முதுகு சாலமாண்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்கிலும் கனடாவின் தென்கிழக்கிலும் உள்ள மேப்பிள் காடுகளுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பறவைகளைத்தான் தேடுகிறார்கள். குனிந்து பார்க்க வேண்டிய காடு அது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1970களில் கணக்கிட்டார்கள். பல்லி உருவமும் ஈரத் தோலும் கொண்ட சாலமாண்டர்கள் அங்கே இருந்தன; அவற்றின் மொத்த எடை, கூடுகட்டும் பருவத்துப் பறவைகளின் மொத்த எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்தச் சாலமாண்டர்களில் பெரும்பான்மை இந்தச் செம்முதுகுதான்.

இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ மழை பெய்த மறுநாள் போங்கள். மக்கிப்போன கட்டை ஒன்றை மெல்லப் புரட்டுங்கள். விரல் நீளத்தில், முதுகில் சிவப்புப் பட்டையோடு ஒன்று நெளியும். பட்டையே இல்லாமல் ஈய நிறத்தில் இருந்தாலும் அதே இனம்தான். பல்லி என்று நினைத்துவிடாதீர்கள், செதில் கிடையாது. நுரையீரலும் கிடையாது! ஈரத் தோலும் வாயின் உட்புறமும்தான் மூச்சுக்கு. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே கையில் எடுக்க வேண்டாம்.

ஈரம்தான் இதன் சாப்பாட்டு நேரத்தையும் தீர்மானிக்கிறது. மழை இரவில் சருகின் மேல் ஏறி உண்ணி, எறும்பு, சிலந்தி, வண்டு என்று வேட்டையாடும், செடிகளில்கூட ஏறும். வறண்ட நாளில் கட்டைக்கு அடியில் முடங்கி, அந்தச் சிறு இடத்துக்காக இன்னொன்றோடு கடித்துச் சண்டையிடும். எல்லையை வாசனையாலும் எச்சத்தாலும் குறித்து வைக்கும். இதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. பெண், ஆணின் எச்சத்தை மூக்கால் நசுக்கிப் பார்க்கிறது. மாப்பிள்ளை வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்பது மாதிரி. மெத்தென்ற கறையான் தின்றவனுக்கு மதிப்பு அதிகம். செரிக்காத எறும்பு ஓடு தின்றவனுக்குக் குறைவு.

பாம்பு, மூஞ்சூறு, சருகைக் கிளறும் பறவைகள் எல்லாம் இதற்கு எதிரிகள். பிடிபட்டால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். வால் மீண்டும் வளரும். குட்டை வாலோடு ஒன்றைக் கண்டால், அது ஒருமுறை தப்பிப் பிழைத்தது என்று கொள்ளலாம்.

கோடையில் மட்டும் கட்டைகளைப் புரட்டாதீர்கள். மக்கிய மரத்துக்குள் திராட்சைக் கொத்துப்போல முட்டைகள் தொங்கும். தாய் அவற்றைச் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் காவல் இருக்கும். தண்ணீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், முட்டையிலிருந்து நேரே குட்டிச் சாலமாண்டர் வெளியே வரும். இடையில் தொந்தரவு செய்தால் தாய் முட்டைகளைக் கைவிட்டுப் போவதும் உண்டு.