பட்டா யார் பெயரில்?

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. எல்லையில் சீனாவோடு நடந்த மோதலின் தொடர்ச்சி அது. அடி விழுந்தது வேறு இடத்தில். வயல் வரப்பிலும் அடுப்படியிலும் நின்று ஆடி, நடித்து, பேசிக் காட்டிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்திருந்த கிராமத்துப் பெண்கள், திருநங்கைகள், சினிமாவும் தொலைக்காட்சியும் ஒருநாளும் வாய்ப்புக் கொடுத்திராத முகங்கள் எல்லாம் ஒரே நாளில் மேடை இழந்தன. எடுத்த வீடியோவைச் சிலர் போனில் சேமித்து வைத்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே வேறு இடத்துக்குக் கூட்டிப்போக வழி இருக்கவில்லை. குடியிருந்தார்கள், கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை.

கிறிஸ் டிக்சன் 2024இல் வெளியிட்ட ‘ரீட் ரைட் ஓன்’ என்ற நூல் இந்தப் பட்டாவைப் பற்றியதுதான். இணையத்தின் முதல் காலத்தில் நாம் படித்தோம். அடுத்த காலத்தில் எழுதவும் செய்தோம், ஆனால் கூடிய இடம் கம்பெனிகளுக்குச் சொந்தமாக இருந்தது. இனி பயன்படுத்துகிறவர்களே வலையமைப்பின் உடைமையாளர்களாகவும் இருக்கலாம், அதற்கு வழி பிளாக்செயின் என்பது அவர் கட்சி. ஒரே கம்பெனியின் கணினிகளில் இல்லாமல் பலருடைய கணினிகளில் பரவிக் கிடக்கும் கணக்குப் புத்தகம் அது. வலையமைப்பில் பங்கு வைத்திருப்பதற்கு அடையாளமாக டிஜிட்டல் நாணயம் இருக்கும். படைப்பாளி, வாசகர், நிரல் எழுதுகிறவர் எல்லோர் கையிலும் கொஞ்சம் நாணயம்.

நோயைப் பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. யூடியூப் தன் நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காட்டைப் படைப்பாளிக்குக் கொடுத்துவிட்டு 45ஐ எடுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு நிலம் உழுதவர்களின் பேத்திகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இருப்பதில் தாராளமான பண்ணைகளில் இதுவும் ஒன்று என்பது கூடுதல் செய்தி. இன்ஸ்டாகிராமில் வீட்டிலிருந்தபடி புடவை விற்கும் பெண், தன்னைப் பின்தொடர்கிறவர்களுக்கே தன் பதிவைக் காட்டக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. யாருக்கு எதைக் காட்டுவது என்ற விதி மாறும்போது யாரும் அவளைக் கேட்பதில்லை.

ஆனால் மருந்து எழுதிக் கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். டிக்சன், ஆண்ட்ரீசென் ஹொரோவிட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கிரிப்டோ பிரிவுக்குத் தலைவர். அந்த நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசென் 2008 முதல் ஃபேஸ்புக்கின் இயக்குநர் குழுவில் இருந்து வருபவர். பண்ணையாரின் கூட்டாளி வந்து குடியானவளிடம் நில உரிமை பேசுகிறார் என்றால், பத்திரத்தை இரண்டு முறை படிப்பது நல்லது.

உடைமை என்ற சொல்லை நம்புவதற்கு முன் பெண்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை அக்கா தங்கைகள், ‘அண்ணன்கூட உறவு கெட்டுப் போயிடும்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! காகிதத்தில் பங்கு இருப்பது ஒன்று. அந்தப் பங்கை வைத்துக் கூடத்தில் உட்கார்ந்து பேச முடிவது வேறொன்று.

நாணயத்தால் அளக்கப்படும் உடைமை எப்படி நடக்கும் என்பதற்கு ஸ்டீமிட் நல்ல உதாரணம். 2016இல் தொடங்கிய அந்தத் தளம் எழுதுகிறவர்களுக்கு நாணயமாகக் கூலி கொடுத்தது. பதிவுக்கு விழும் ஓட்டைப் பொறுத்துக் கூலி. ஆனால் எல்லா ஓட்டும் ஒரே எடை இல்லை: அதிக நாணயத்தை முடக்கி வைத்திருப்பவரின் ஓட்டுக்கு அதிக எடை. பணக்காரர் ஒருவர் விரும்பிய பதிவு கொழிக்கும், நூறு ஏழைகள் விரும்பியது கிடக்கும். தொடக்கத்திலேயே பெருவாரியான நாணயம் அதை நிறுவிய கம்பெனியின் கையில் இருந்தது. அதைச் சமூக வளர்ச்சிக்குத்தான் செலவழிப்போம், ஓட்டுப் போடப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லிவந்தார்கள். 2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கினார். வலையமைப்பை நடத்துவோர், வாங்கப்பட்ட அந்த நாணயத்தை முடக்கி வைத்தார்கள். மார்ச் தொடக்கத்தில் சில கிரிப்டோ சந்தைகள் வாடிக்கையாளர்கள் தங்களிடம் போட்டு வைத்திருந்த நாணயத்தைக் கொண்டே ஓட்டளிக்க, அந்த நடத்துநர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். வங்கியில் நாம் போட்ட பணத்தைக் காட்டி வங்கி மேலாளர் பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுப் போட்ட மாதிரி.

அந்த மாதமே அதிருப்தியாளர்கள் நிரலையும் கணக்குகளையும் பிரதியெடுத்து ஹைவ் என்ற வேறொரு வலையமைப்பைத் தொடங்கிப் போய்விட்டார்கள். இது பரவலாக்கத்துக்குக் கிடைத்த வெற்றி என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். கம்பெனித் தளத்தில் இப்படிப் பிரிந்துபோகவே முடியாது. ஆனால் தனிக்குடித்தனம் போகும் வசதி, இருக்கிற வீட்டில் பேச்சுக்கு மதிப்பு கிடைத்ததற்குச் சமமாகாது.

இன்னொன்று. பிளாக்செயினில் ஏறியது அழியாது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தணிக்கைக்கு அஞ்சும் எழுத்தாளருக்கு அது வரம். 2021 ஜூலையில் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்கள் ஏலத்துக்கு என்று காட்டிய ‘சுல்லி டீல்ஸ்’ செயலியை நினைத்துப் பார்ப்போம். அது கிட்ஹப் என்ற தளத்தில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நீக்கப்பட்டது. நீக்க ஒருவர் இருந்ததால் நீக்கப்பட்டது. அழிக்கவே முடியாத இடத்தில் அது ஏற்றப்பட்டிருந்தால் அந்தப் பெண்கள் யார் கதவைத் தட்டியிருப்பார்கள்? ‘உன்னை யாரும் வெளியேற்ற முடியாது’ என்ற வாக்குறுதியை நாம் படிக்கும்போதெல்லாம், ‘உன்னைத் துரத்துகிறவனையும் வெளியேற்ற முடியாது’ என்று சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

நாணயம் இல்லாத பரவலாக்கமும் உண்டு. டிக்சன் அந்த வழி பணபலம் இல்லாமல் தோற்றுப்போனது என்று கருதுகிறார். எனக்கு நூலில் உடன்பாடில்லாத இடங்களில் இதுதான் முக்கியமானது. 2016இல் வந்த மாஸ்டடான் யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருள். ஒவ்வொரு சர்வரும் ஒரு தெரு. தெருவுக்குத் தெரு விதி வேறு, ஆனால் தெருக்களுக்கிடையே போக்குவரத்து உண்டு. தெரு பிடிக்காவிட்டால் பின்தொடர்கிறவர்களோடு வேறு தெருவுக்கு மாறலாம், பழைய பதிவுகள் மட்டும் கூடவே வராது.

2018 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபோஸ்டா சட்டம் கையெழுத்தானது. பாலியல் தொழிலுக்கு உதவும் பதிவுகளுக்குத் தளங்களே பொறுப்பு என்றது அது. பெரிய தளங்கள் பாலியல் தொழிலாளர்களைக் கூட்டித் தள்ளின. மெல்போர்னில் பாலியல் தொழிலாளர்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் சேர்ந்து நடத்திய அசெம்ப்ளி ஃபோர் என்ற குழு, அப்போது மாஸ்டடானைக் கொண்டு ‘ஸ்விட்டர்’ என்ற சர்வரைத் தொடங்கியது. ஆபத்தான வாடிக்கையாளரைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ள, வேலை தேட, வெறுமனே பேசிக்கொள்ள ஓர் இடம். சில நாட்களிலேயே, அதன் பக்கங்களைப் பாதுகாத்து வாசகருக்குக் கொண்டுசேர்க்கும் சேவையை அளித்துவந்த கிளவுட்ஃப்ளேர் கம்பெனி கைவிட்டது. அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டு தொடர்ந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் சேர்ந்தன. 2022 மார்ச்சில், புதிய ஆஸ்திரேலியச் சட்டங்கள் சுமத்தும் பொறுப்பை ஒரு சிறு குழுவால் தாங்க முடியாது என்று அவர்களே மூடினார்கள்.

வீடு சொந்தமானாலும் தண்ணீரும் மின்சாரமும் சாலையும் வேறொருவர் கையில்தான். அதைவிட நான் நினைத்துப் பார்ப்பது அந்தச் சிறு குழுவின் வேலையை. லட்சக்கணக்கானோர் இடும் பதிவுகளில் எது மிரட்டல், எது கேலி, எந்தப் புகார் அவசரம் என்று இரவு பகலாகப் பார்க்க வேண்டும். பெரிய தளங்களில் அவுட்சோர்சிங் கம்பெனி ஊழியர்கள் குறைந்த கூலிக்கு மனம் நொந்து செய்யும் வேலை இது. சிறு சர்வர்களில் பெரும்பாலும் கூலியே இல்லை. உடைமையைப் பரவலாக்குவது பற்றி நூல்கள் வருகின்றன. பாத்திரம் கழுவுவதைப் பரவலாக்குவது பற்றி யாரும் எழுதுவதில்லை. வீட்டு வேலை கணக்கில் வராதது போலவே இதுவும் வருவதில்லை.

பெண்கள் பெரும்பான்மையாகக் கட்டி நடத்தும் ஒரு தளம் இருக்கிறது. கதைகள், படங்கள், தொடர்களின் ரசிகர்கள் எழுதும் புனைவுகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’. 2007இல் அந்தப் புனைவுகளை வைத்துக் காசு பார்க்க ஒரு கம்பெனி வந்தபோது, எழுதிய பெண்கள் கொதித்தெழுந்து லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். சொந்தமாக சர்வர் வாங்கினார்கள், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு எழுதினார்கள். 2009இல் தளம் திறந்தது. 2019இல் ஹ்யூகோ விருது பெற்றது. அங்கே பிளாக்செயின் இல்லை, பரவலாக்கமும் இல்லை, எல்லாம் ஒரே அமைப்பின் கையில். ஆனால் 10 டாலர் நன்கொடை கொடுத்தால் உறுப்பினராகி இயக்குநர் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பத்தாயிரம் கொடுத்தாலும் அதே ஒரு ஓட்டுதான். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே யாரும் சம்பாதிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனைக்கு, ஏன் நன்கொடை கேட்பதற்குக்கூடத் தடை. நடத்துகிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது. பிழைப்புக்காக வீடியோ போடும் பெண்ணுக்கு இது தீர்வாகாது. ஓய்வு நேரம் இருப்பவர்கள் கட்டிய வீடு இது, அவர்களில் வெள்ளையர்கள் அதிகம். 2023 மே மாதம் அந்த அமைப்புக்குள் நிறவெறிக்கு எதிராக ரசிகர்கள் ஓர் இயக்கம் நடத்தினார்கள். துன்புறுத்தலுக்கு எதிராக 2020இல் கொடுத்த வாக்குறுதிகள் என்ன ஆயின என்று கேட்டார்கள். சம்பளமில்லாமல் உழைத்துக் களைத்தவர்களிடம் போய் இதைக் கேட்பது தர்மசங்கடம்தான். கேட்டார்கள். அந்த ஆண்டும் இயக்குநர் குழுவுக்குத் தேர்தல் வந்தது, உறுப்பினர்களிடம் ஓட்டு இருந்தது.